ஏணி பிடிக்கும் நாள்

வலை விற்பவன் வாசலில் நின்றபடியே வித்தையை ஆரம்பித்துவிட்டான். ஒரு கையில் கூரை விளிம்பில் மாட்டும் தகரக் கால்வாயின் முழ நீளத் துண்டு. அதன் மேல் பொடிப்பொடி ஓட்டைகள் போட்ட அலுமினிய வலை. பையிலிருந்து ஒரு பிடி காய்ந்த இலையை எடுத்து வலையின் மேல் தூவினான். பாட்டிலைத் திறந்து தண்ணீர் ஊற்றினான். தண்ணீர் உள்ளே இறங்கியது. இலைகள் மேலேயே தங்கின. வாயைக் குவித்து ஊதினான். பாதி இலைகள் பறந்து வீட்டுக்காரம்மாவின் காலடியில் விழுந்தன. ஈரத்தில் ஒட்டிக்கொண்ட மீதியை யாரும் பார்க்காததுபோல விரலால் தட்டிவிட்டான்.

“அவ்வளவுதாங்கம்மா. காத்து அடிச்சா இலை தானா போயிடும். இனிமே கூரைக் கால்வாய யாரும் ஏறிச் சுத்தம் பண்ண வேண்டாம். ஆயுசுக்கும் கவலை இல்ல.”

“யாரு ஆயுசுக்கு? என்னுதா, வலையுதா?”

“ரெண்டுக்கும்தாங்கம்மா.”

“சரி. கொட்டின இலையப் பெருக்கிட்டுப் போ.”

அவனை அனுப்பியது மகள். வேறு ஊரில் இருந்துகொண்டு தொலைபேசியிலேயே அம்மாவின் வீட்டை நிர்வாகம் செய்பவள். அதனால் அவனை அப்படியே விரட்டிவிடவும் முடியவில்லை. பின்கட்டுக்கு அழைத்துப் போனாள். அவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்து, மதில் தடுத்த இடத்தில் நின்றான்.

“கால்வாய் அடுத்த வீட்டுக்கும் போகுதே?”

“ஆமா. ஒரே கூரைதான்.”

“தண்ணி இறங்குற குழா?”

“என் பக்கம்தான்.”

அவன் உதட்டைப் பிதுக்கினான். “அப்ப உங்க பக்கம் மட்டும் போட்டா சரிவராதுங்கம்மா. அந்தப் பக்கத்து இலையெல்லாம் தண்ணியோட உங்க வலைக்கு அடியில வந்து அடைச்சுக்கும். மேல ஆணி அடிச்சு மூடியிருக்கும். கைய விட்டு எடுக்கவும் முடியாது. போட்டா ரெண்டு வீட்டுக்கும் போடணும். இல்லன்னா போடக் கூடாது. அந்தப் பக்கம் யாருங்க?”

“ஆள் இருக்காங்க.”

“சொந்தமா?”

“சுவர் பொது” என்றாள் அவள்.

தெருவில் அவளை எல்லோரும் மைக் அக்கா என்பார்கள். பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். காலை நீட்ட இடமில்லாத கண்ணாடி அறை, முன்னால் ஒரு மைக், எதிரே மூட்டையும் குழந்தையுமாக அலைமோதும் கூட்டம். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம், எது இன்று வரவே வராது என்பதையெல்லாம் கோபமும் கனிவும் இல்லாத ஒரே சீரான குரலில் சொல்லியே பிழைத்தாள். தொலைந்த பிள்ளைகளைத் தாய்களோடும், மறந்துபோன பெட்டிகளை மறதிக்காரர்களோடும் சேர்த்துவைத்தாள். ஓய்வு பெற்ற பிறகு மைக் போனதே தவிர குரல் போகவில்லை. அவள் ரகசியம் சொன்னால் மூன்றாம் வீட்டில் தலை திரும்பும்.

மதிலுக்கு அந்தப் பக்கம் இருப்பவன் அவள் தம்பி. குளிர்பெட்டி பழுது பார்ப்பவன். தெருவுக்கு அவன் பிரிட்ஜ்காரர். “அக்கா மைக்கு, தம்பி பிரிட்ஜு. ஒண்ணு ஊருக்கே கேக்கும். இன்னொண்ணு உள்ள என்ன இருக்குன்னு திறந்தாத்தான் தெரியும்” என்பது எதிர்வீட்டு முடிதிருத்தும் கடைக்காரரின் பழைய நகைச்சுவை. கத்தரியைக் காதோரம் வைத்துக்கொண்டு சொல்வதால் யாரும் சிரிக்காமல் இருக்க முடியாது.

வீடு அப்பா கட்டியது. பிள்ளைகள் இருவருக்கும் திருமணம் ஆனதும் நடுவில் ஒரு சுவரை எழுப்பி, அதில் ஒரு கதவையும் விட்டுவைத்தார். அந்தக் கதவு இப்போது இல்லை. இருந்த இடத்தில் பூச்சு மட்டும் சற்று வேறு நிறமாக இருக்கிறது.

நடந்தது இதுதான். அம்மாவுக்கு வயதான காலத்தில் நினைவு தப்ப ஆரம்பித்தது. தம்பி வீட்டில்தான் இருந்தாள். ஒருநாள் தம்பி வேலைக்குப் போயிருந்தபோது, அவன் மனைவி காய்ச்சலில் கண்ணயர்ந்த நேரத்தில், அம்மா கேட்டைத் திறந்துகொண்டு போய்விட்டாள். பேருந்து நிலையத்தில் ஊர்ப்பட்ட பேரைத் தேடிக்கொடுத்த மைக் அக்காவுக்கு, அன்று தன் அம்மாவின் அடையாளங்களைத் தானே மைக்கில் வாசிக்க வேண்டி வந்தது. சேலையின் நிறம், நெற்றியில் தழும்பு, கேட்டால் பெயர் சொல்லத் தெரியாது. குரல் ஒரு இடத்திலும் பிசகவில்லை. அம்மா பத்திரமாகக் கிடைத்தாள். ஆனால் கண்ணாடி அறையில் அடக்கிவைத்திருந்ததெல்லாம் தம்பி வீட்டு வாசலுக்கு வந்ததும் உடைந்தது. “பெத்தவளப் பாத்துக்கத் துப்பில்ல, ஊரான் பெட்டிய ரிப்பேர் பண்ணக் கிளம்பிட்டான்!” என்று அவள் போட்ட சத்தத்தில் தெருவே வெளியே வந்து நின்றது. தம்பி அம்மாவை உள்ளே அழைத்துப் போனான். அவன் மனைவி கதவோரம் நின்று அழுதாள். அம்மா போய்ச் சேர்ந்த பிறகு, காரியமெல்லாம் முடிந்து ஒருநாள், நடுக்கதவைக் கழற்றிவிட்டு அவன் செங்கல் வைத்தான். கரண்டியால் சாந்து பூசும் சத்தத்தை அவள் இந்தப் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை மெதுவாகச் சொல்லியிருக்கலாம். மெதுவாகச் சொல்ல அவளுக்குப் பழக்கமில்லை.

அன்றோடு பேச்சு நின்றது. எதிரெதிரே வந்தால் இருவரும் செருப்பைப் பார்த்துக்கொள்வார்கள்.

நிற்காமல் போனது ஒன்றே ஒன்று. பின்பக்க மரம் இலையை உதிர்த்து முடித்து, மழை மேகம் தலைகாட்டுவதற்கு முன், வருஷத்தில் ஒருநாள், தம்பி பழைய மர ஏணியைக் கொண்டுவந்து அவள் பக்கத்துப் பின்சுவரில் சாய்ப்பான். கீழ்ப் படியில் ஸ்பானரால் இரண்டு தட்டு. உள்ளே இருக்கிறவளுக்கு அதுதான் அழைப்பு. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு சிறு கரண்டியும் கயிறு கட்டிய வாளியுமாக வருவாள். அவள் ஏறுவாள்; அவன் பிடிப்பான். அது அப்பா காலத்து ஏற்பாடு. பிரிட்ஜ்காரருக்குச் சின்ன வயதிலிருந்தே மூன்றாம் படிக்கு மேல் போனால் கண் இருட்டும். “நீ ஏறு, அவன் பிடிக்கட்டும்” என்று அப்பா சொன்னது சொன்னதுதான். அவர் போனார், அம்மா போனாள், கதவு போனது. அந்த உத்தரவு மட்டும் நின்றது.

அன்றைக்கு மட்டும் பேச்சு உண்டு.

“பிடி.”

“ம்.”

“வாளி வருது.”

“விடு.”

“நகத்து.”

“இறங்கு, நகத்துறேன்.”

அவள் பக்கத்து மூலையிலிருந்து தொடங்கி, மதிலைத் தாண்டி, அவன் பக்கத்துக் கடைசிவரை போவார்கள். மக்கிய இலையும் சேறும் கறுப்பாக வாளியில் இறங்கும். மேலே நிற்பவளுக்குத் தம்பியின் உச்சந்தலை தெரியும். முதலில் அடர்த்தியாக இருந்தது, பிறகு நாணயம் அளவு வழுக்கை, பிறகு தட்டு அளவு. தம்பிக்கு வயதாவதை அவள் அந்த வழியாகத்தான் தெரிந்துகொண்டாள். கீழே நிற்பவனுக்கு அவள் உள்ளங்கால் தெரியும். ஒரு வருஷம் குதிகால் வெடித்துப் பாளம்பாளமாக இருந்தது. மறுநாள் பின்ஜன்னல் விளிம்பில் ஒரு களிம்பு டப்பா இருந்தது. யார் வைத்தது என்று யாரும் கேட்கவில்லை. அவள் பூசிக்கொண்டாள்.

இந்த வலையைப் போட்டால் அந்த நாள் போய்விடும். இதை மகளிடம் எப்படிச் சொல்வது?

“அம்மா, அந்த ஆளு வந்தாரா?”

“வந்தான்.”

“என்ன சொன்னே?”

“இலையப் பெருக்கிட்டுப் போகச் சொன்னேன்.”

“அம்மா! விளையாடாத. உன் வயசுல எவளாவது ஏணி ஏறுவாளா?”

“எவளுக்காவது கூரை ஒழுகினா ஏறுவா.”

“போன வருஷம் என்ன ஆச்சுன்னு நீதானே சொன்னே. மாமா ஏணியப் போட்டு ஆட்டுனாருன்னு.”

ஆமாம், அவள்தான் சொன்னாள்.

போன வருஷம் வழக்கம்போலத்தான் தொடங்கியது. பாதி வேலை முடிந்து, மதிலருகே கால்வாயில் கை விட்டிருந்தபோது ஏணி அதிர்ந்தது. லேசாக, விடாமல், ஏதோ இயந்திரத்தின் மேல் நிற்பதுபோல. தகர விளிம்பைப் பற்றிக்கொண்டு கீழே பார்த்தாள். தம்பி ஏணியின் இரண்டு கால்களையும் பிடித்துக்கொண்டுதான் நின்றான். முகம் வேறு பக்கம் திரும்பியிருந்தது. “கையில என்ன சாணியா வச்சிருக்கே? இஷ்டமில்லன்னா போய்த் தொலை! மேல இருக்கறது மனுஷி!” என்று கத்தினாள். எதிர்வீட்டு முடிதிருத்தும் கடையில் கத்தரி நின்றது. தம்பி ஏதோ சொன்னான்; அவள் சத்தத்தில் அவளுக்கே அது கேட்கவில்லை. இறங்கி, கரண்டியை மேலேயே மறந்து, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவன் பக்கத்துப் பாதி அப்படியே நின்றது. மழையில் நிரம்பி வழிந்து அவன் வீட்டுப் பின்சுவரெல்லாம் கறை. நல்லா வேணும் என்று நினைத்தாள். பிறகு அந்தக் கறையைப் பார்க்காமலிருக்க அந்தப் பக்கத்து ஜன்னலைத் திறப்பதை விட்டாள்.

“வலை வேணாம்னா ஏன்னு சொல்லும்மா.”

“கொசு வரும்.”

“வலைக்கா கொசு வரும்?”

“இந்த ஊர்க் கொசுவப் பத்தி உனக்கு என்ன தெரியும்? போன வை.”

பின்பக்க மரம் இலையை உதிர்த்து முடித்தது. மேகம் ஒன்றிரண்டு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. அவள் காலையில் காபி டம்ளரோடு பின்கட்டில் உட்காருவாள். காது ஏணிச் சத்தத்துக்காகவே காத்திருக்கும். ஸ்பானர் தட்டுக்குப் பதிலாகக் காக்கை கூரையில் தத்தியது, தேங்கிய இலைக்குள் எலி ஓடியது. கால்வாயில் ஒரு செடிகூட முளைத்துவிட்டது. இரண்டு இலையோடு, வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டு, அவளை வம்புக்கு இழுப்பதுபோல. போன வருஷத்துக் கோபம் இன்னும் ஆறவில்லையோ? அவனும் அப்பாவின் பிள்ளைதானே. அப்பாவும் கோபம் வந்தால் பேசமாட்டார். மூன்று நாள் சோற்றை மட்டும் பார்ப்பார்.

ஒரு மத்தியானம் கேட்டருகே தம்பி மனைவி வந்து நின்றாள். கதவு அடைபட்ட பிறகு அவள் இந்தப் பக்கம் வருவது அத்தி பூத்தாற்போல.

“அண்ணி, அந்த வலைக்காரர் எங்க வீட்டுக்கும் வந்தாரு.”

“வந்து?”

“உங்க தம்பி சரின்னுட்டாரு.”

“என்ன சொன்னான்?”

“எங்க சொன்னாரு? தலைய ஆட்டுனாரு.”

“ஒரே ஆட்டா?”

“ஒரே ஆட்டுதான். நீங்களும் சரின்னா போட்டுடலாம்னு அந்த ஆளு சொல்லிட்டுப் போனாரு.”

தம்பி மனைவி இன்னும் ஏதோ சொல்ல வந்ததுபோல நின்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மைக் அக்காவுக்கு உச்சி முதல் பாதம்வரை எரிந்தது. ஒரே ஆட்டு! இவள் கொசுவைச் சொல்லி, எலியைச் சொல்லி, மகளிடம் வசவு வாங்கி அந்த ஒருநாளைக் கட்டிக் காப்பாற்றிக்கொண்டிருக்க, அவன் பழைய சட்டையைக் கழற்றிப் போடுவதுபோலக் கழற்றிப் போட்டுவிட்டான். தொல்லை விட்டது என்று நினைத்திருப்பான். இருக்கட்டும். வலையும் வேண்டாம், அவனும் வேண்டாம். அவனிடமிருந்தே ஏணியை வாங்கிவந்து, தெருவில் போகிற எவனையாவது பிடிக்கச் சொல்லி, அவன் கண்ணெதிரே ஏறிக் காட்டினால்தான் மனது ஆறும்.

நினைத்ததும் கிளம்பிவிட்டாள். ஏணி நாள் தவிர, பல வருஷமாக மிதிக்காத வாசல். கேட்டில் கை வைத்தபோதுதான் அவன் வண்ணம் மாற்றியிருப்பதே தெரிந்தது. தம்பி மனைவி உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகைதான் அவன் பட்டறை. ஏணி அங்கேதான் இருக்கும். சத்தம் போடத் தயாராக மூச்சை இழுத்துக்கொண்டு கொட்டகை வாசலுக்கு வந்தாள்.

தம்பி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். முன்னால் பின்மூடி கழற்றிய ஒரு குளிர்பெட்டி. அவன் ஒரு திருகாணியை ஓட்டையில் வைத்துத் திருப்புளியை அதன் தலைக்குக் கொண்டுபோனான். திருப்புளி முனை பள்ளத்தைத் தேடித் தகரத்தில் டக் டக் டக்கென்று கொத்தியது. திருகாணி விழுந்தது. இன்னொன்றை எடுத்தான். அதுவும் விழுந்தது. காலடியில் ஏற்கெனவே ஒரு கைப்பிடி திருகாணி சிதறிக் கிடந்தது. வலது மணிக்கட்டை இடது கையால் இறுக்கிப் பிடித்தான். இப்போது இரண்டு கையும் சேர்ந்து ஆடின. கொஞ்ச நேரம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தான், அடுத்த வீட்டுப் பிள்ளைகள் செய்யும் விஷமத்தைப் பார்ப்பதுபோல. பிறகு திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் திணித்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டான்.

கொட்டகை முழுவதும் குளிர்பெட்டிகள் நின்றன. ஒவ்வொன்றின் மேலும் தூசி. எத்தனை நாளாக வேலை நடக்கவில்லை என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

இழுத்த மூச்சு அவளுக்குள்ளேயே நின்றது. போன வருஷத்து ஏணி மறுபடி காலடியில் அதிர்ந்தது. அவன் ஆட்டவில்லை. ஆடும் கைகளோடு, விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான். அப்போது அவன் சொன்னது என்ன என்பதும் இப்போதுதான் காதில் விழுந்தது. “இறங்குக்கா.” எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அக்கா என்று கூப்பிட்டிருக்கிறான். இவள் கத்தியதில் அது மூழ்கிப்போயிருக்கிறது.

ஏணி கொட்டகைச் சுவரோரம் கிடந்தது. அதன் கீழ்ப் படியில் புதுக் கயிறு சுற்றியிருந்தது. பக்கத்தில் தரையில் அடிக்க இரண்டு இரும்பு முளைகள், ஒரு சுத்தியல். கையால் பிடிக்க முடியாவிட்டாலும் முளையில் கட்டியாவது ஏணியை நிறுத்தப் பார்த்திருக்கிறான். முடிச்சு ஒன்றும் விழவில்லை. பாதி போட்டு, அவிழ்ந்து, மறுபடி போட்டு, கயிற்று நுனி பிரிந்து பஞ்சாகிப் போயிருந்தது.

அவள் சத்தமில்லாமல் பின்னால் நகர்ந்தாள். சத்தமில்லாமல் இருக்க அவளுக்கும் முடியும் என்பது அவளுக்கே புதிது. தம்பி மனைவி சமையலறை ஜன்னலிலிருந்து அவளைப் பார்த்தாள். இருவர் கண்ணும் ஒரு கணம் பட்டு விலகின. சற்றுமுன் கேட்டருகே சொல்ல வந்து சொல்லாமல் போனது இதுதான் என்று புரிந்தது. அவன் சொல்லக் கூடாது என்றிருப்பான்.

தெருவுக்கு வந்தாள். இரண்டு கேட்டுகளுக்கும் நடுவே நின்றாள். முடிதிருத்தும் கடையில் கூட்டம் இருந்தது. தையல்காரர் வாசலில் பித்தான் தைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பெண்கள் பையோடு வந்துகொண்டிருந்தார்கள். நல்லது. ஆள் இருக்கிறது. தொண்டையைச் செருமிக்கொண்டு, வண்டி வராது என்று சொல்லும் அதே சீரான குரலில் தொடங்கினாள்.

“தம்பி! உள்ள இருக்கியா? வலை போட்டுடலாம்னு சொல்ல வந்தேன். எனக்கு முழங்கால் போச்சு. ஏணி ஏற முடியல.”

கத்தரி நின்றது. பித்தான் ஊசி நின்றது.

“போன வருஷமும் என் கால்தான் நடுங்குச்சு. அதுல ஏணி ஆடிப்போச்சு. தெரியாம உன்ன ஏசிட்டேன். நீ ஒழுங்காத்தான் பிடிச்சே.”

கொட்டகைக்குள் ஏதோ ஒரு கருவி சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்டது. அவ்வளவுதான்.

முடிதிருத்துபவர் சீப்பும் கையுமாக வெளியே வந்தார். “என்ன மைக் அக்கா, முழங்காலா? நேத்து பஸ்ஸுக்குப் பின்னால ஓடினதப் பாத்தேனே!”

“அந்த ஓட்டத்துலதான் போச்சு.”

“பஸ் கிடைச்சுதா?”

“உன் கடைக்கு நானே வந்து சவரம் பண்ணிக்கற காலம் வந்தா சொல்றேன். போய் வேலையப் பாரு.”

சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனாள். நாலு எட்டு வைத்த பிறகுதான் நொண்ட வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது.

வலை போட இரண்டு ஆட்கள் வந்தார்கள். அவர்கள் கொண்டுவந்தது மடக்கு ஏணி; நான்கு காலில் தானே நின்றது. யாரும் பிடிக்க வேண்டியதில்லை. அவள் தன் பின்கட்டில் நின்றாள். மதிலுக்கு அந்தப் பக்கம் தம்பி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். உச்சந்தலை மட்டும் தெரிந்தது. முதலில் கால்வாயிலிருந்த அழுக்கையெல்லாம் அள்ளினார்கள். அந்தச் செடியை ஒருவன் பிடுங்கிக் கீழே போட்டான். பிறகு துருப்பிடித்த ஒரு கரண்டியை எடுத்து நீட்டினான்.

“இது யாருதுங்க?”

“என்னுது” என்றாள். கை நீட்டி வாங்கிக்கொண்டாள். நாற்காலியில் இருந்த தலை அந்தப் பக்கம் லேசாகத் திரும்பி, மறுபடி குனிந்தது.

மாலைக்குள் வேலை முடிந்தது. அன்று இரவே மழை பிடித்தது. தம்பி வீட்டுக் கூரையில் விழுந்த தண்ணீரும் அவள் வீட்டுக் கூரையில் விழுந்த தண்ணீரும் ஒன்றாகச் சேர்ந்து, தடையில்லாமல், மூலைக் குழாயில் இறங்கி ஓடியது. முன்பெல்லாம் முதல் மழைக்குக் குழாய் விக்கும், திணறும், எங்காவது வழியும், இவள் பதறி எழுந்து பார்ப்பாள். இப்போது ஒன்றுமில்லை. படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். யாருக்கும் யாரும் தேவைப்படாத சத்தம்.

இரண்டு நாள் கழித்துப் பின்ஜன்னல் விளிம்பில் ஒரு மூட்டுவலித் தைலம் இருந்தது. மூடி கோணலாக ஏறியிருந்தது, மரை பிடிக்கவில்லை. வழிந்த தைலம் பாட்டிலின் கழுத்திலும் விளிம்பிலும் பிசுபிசுத்தது. திறந்து, முகர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி மூட முயன்றிருக்கிறான். அவள் அதைச் சரியாக மூடவில்லை. அப்படியே கொண்டுபோய் அலமாரியில் வைத்தாள்.

அதன்பிறகு தம்பி வீட்டைக் கடக்கும்போதெல்லாம் அவள் நொண்டினாள். முடிதிருத்தும் கடை தாண்டித் தெருமுனை திரும்பியதும் கால் சரியாகிவிடும். திரும்பி வரும்போது மறுபடி வலி. பழக்கமில்லாத வேலை, இடுப்புதான் நிஜமாக வலித்தது. ஒருநாள் தம்பி மனைவி கேட்டருகே நின்றிருந்தாள்.

“அண்ணி.”

“என்ன?”

“போன வாரம் இடது காலு நொண்டுச்சாம். இந்த வாரம் வலது காலு நொண்டுதாம். எந்தக் காலுன்னு ஒரு முடிவுக்கு வரச் சொன்னாரு.”

மைக் அக்கா தம்பி வீட்டு ஜன்னலைப் பார்த்தாள். திரை விழுந்திருந்தது. அதன் கீழ் ஓரம் நடுங்கியது, காற்று இல்லை. சிரிப்பு வந்தது.

“ரெண்டும்தான்னு சொல்லு” என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். தையல்காரருக்குக்கூடக் கேட்கவில்லை. திரைக்குப் பின்னால் இருந்தவனுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

அவன் வெளியே வரவில்லை. இவளும் உள்ளே போகவில்லை. போயிருக்கலாம். போனால் கையைப் பார்க்க வேண்டிவரும். பார்க்கவில்லை என்பதுதானே அவளால் அவனுக்குக் கொடுக்க முடிந்தது. அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு எப்படிப் போவது?

குளிர்பெட்டிகள் ஒவ்வொன்றாகச் சொந்தக்காரர்களிடம் திரும்பிப் போயின. மிச்சத்தைப் பழைய இரும்புக்காரன் வண்டியில் ஏற்றினான். ஏணியும் அதில்தான் போனது. பெட்டிகளின் மேல் குறுக்காகக் கிடந்தது. கீழ்ப் படியில் கயிறு அவிழாமல் தொங்கியது. வண்டி அவள் வாசலைக் கடந்தபோது அவள் நொண்ட மறந்து கேட்டுவரை ஓடினாள். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். ஏணியை நிறுத்திவைத்து என்ன செய்வது? ஏறுகிறவளுக்குக் கால் இல்லை என்று ஊருக்கே சொல்லியாகிவிட்டது.

அடுத்த வருஷமும் மரம் இலையை உதிர்த்தது. மேகம் தலைகாட்டிய ஒரு காலையில், வேலை ஏதும் இல்லாமல், வாளியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு வந்தாள். எதற்கு வாளி என்று அவளுக்கே தெரியவில்லை. வருஷாவருஷம் ஏணிக்கால் அழுந்திய இடத்தில் தரையில் இரண்டு பள்ளங்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். பிறகு அதுவும் இல்லை.

மேலே, வலையின் மேல் காய்ந்த இலைகள் படிந்திருந்தன. காற்று ஒன்று வந்தது. இலைகள் எழுந்து, புரண்டு, ஒன்று மிச்சமில்லாமல் கீழே இறங்கின. அந்த இரண்டு பள்ளங்களிலும் நிரம்பின.

வலைக்காரன் சொன்னது ஒன்றுகூடப் பொய்யில்லை.